மூணு பெல்லு மாமாவும் என் வண்டியின் ‘டொக்’கும்

கோலார் தங்க வயலில் கதவைத் தட்டாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையாத ஒரே மனுஷன் எங்கள் மூணு பெல்லு மாமாதான். எந்த வீடாக இருந்தாலும் சரி. தன் சொந்த வீட்டுக் கதவையே, உள்ளே ஈ காக்கா இல்லை என்று தெரிந்தும், பூட்டைத் திறந்து ‘டக் டக் டக்’ என்று மூன்று தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். எங்கள் லைன் வீடுகளுக்குப் புதுசாகக் குடிவந்தவர்கள் அவர் பேய் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒன்றிரண்டு பேர் என்னிடம் வந்து கேட்டபோது நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். காலையில் ஆயிரம் வேலை, விளக்கம் சொல்ல யாருக்கு நேரம்?

விஷயம் இதுதான். சுரங்கம் ஓடின காலத்தில் மாமா ஷாஃப்டு என்கிற சுரங்கக் கிணற்றின் வாயில் நின்று பெல் அடிக்கிற வேலை பார்த்தவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அந்த கேஜை ஓட்டுகிறவர் எங்கேயோ தள்ளி இன்ஜின் ரூமில் உட்கார்ந்திருப்பார். இங்கே யார் ஏறினார்கள், யார் காலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறார்கள், எதுவும் அவருக்குத் தெரியாது. மாமாவின் பெல்லை வைத்துத்தான் அவர் லீவரைத் தொடுவார். மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறான். இரண்டு அடித்தால் இறக்கு. ஓடுகிற கேஜுக்கு ஒன்று அடித்தால் நிறுத்து. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மாமா மட்டும் பெல்லை விடவே இல்லை.

டவுன் பஸ்ஸில் போக வேண்டுமென்றால் ஸ்டாண்டில் நின்று எல்லாரையும் வரிசையாக ஏற்றுவார். கடைசி ஆள் ஏறினதும் பஸ்ஸின் வயிற்றில் மூன்று அறை, அப்புறம் இரண்டு அறை. டிரைவர் யாரோ கண்டக்டரின் ஆள் என்று நினைத்து வண்டியை எடுத்துவிடுவார். மாமா ஸ்டாண்டிலேயே நிற்பார். “எல்லாரையும் ஏத்திவுட்டுட்டு நீங்க இன்னா மாமா இங்க நிக்கிறீங்க?” என்று கேட்டால், “பெல்லு அடிக்கிறவன் ஏற முடியுமாம்மா? அட்த்த பஸ்ஸுல பாத்துக்கலாம்” என்பார். அடுத்த பஸ்ஸிலும் இதே கூத்துதான்.

அத்தை போனபிறகு மாமாவுக்கு மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். நான் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறவள். கல்யாணம், காது குத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும் என் அடுப்புதான். நூறு பேருக்குப் பொங்குகிறவளுக்கு ஒரு ஆள் பாரமா? ஆனால் அவருக்குப் பரிமாறுவது ஒரு தனி வித்தை. தட்டில் இரண்டு தட்டினால் குழம்பை இறக்கு. ஒன்று தட்டினால் நிறுத்து. ‘போதும்’ என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. ஒருமுறை பங்காருபேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு அவரையும் கூட்டிப் போயிருந்தேன். ரசம் ஊற்ற வந்தவர் புது ஆள். மாமா மேஜையில் ஒன்று தட்டினார். அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். மாமா மறுபடி ஒன்று தட்டினார். ரசம் இலையைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியின் பட்டு வேட்டியில் போய் இறங்கியது. “நான்தான் ஒண்ணு அடிச்சேனே! இவன எவன் வேலைக்கு வெச்சான்?” என்று மாமா எழுந்து நின்று கத்துகிறார். வைத்தவள் நான்தான். பந்தி முடிகிறவரை அடுப்படியை விட்டு நான் வெளியே வரவில்லை.

இப்படிப்பட்ட மனுஷனைப் பெங்களூருக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அங்கே இருக்கிற அவர் மகள் விமலா ஒற்றைக் காலில் நின்றாள். அவள் நிற்பதிலும் தப்பு இல்லை. போன மழைக்காலத்தில் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அன்று மத்தியானம் என் கதவில் மூணு தட்டு கேட்கவில்லை. சோறு ஆறிப்போகிறதே என்று திட்டிக்கொண்டே போய்ப் பார்த்தால், மனுஷன் ஈரத் தரையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். விமலா ஓடி வந்து அழுதாள். “இனிமே இங்க தனியா வுட மாட்டேன்ப்பா” என்று ஒரே பிடிவாதம்.

விமலா இருப்பது ஒன்பதாவது மாடியில். மாமா முன்பு ஒருதடவை அங்கே போனவர்தான். லிஃப்டுக்கு முன்னால் நின்று, “பெல்லு எவன் அடிப்பான்?” என்று செக்யூரிட்டியைக் கேட்டிருக்கிறார். செக்யூரிட்டி பட்டனைக் காட்டியிருக்கிறார். “பெல்லு இல்லாம ஆளு ஏறக் கூடாது” என்று சொல்லிவிட்டு மாமா படியேறிப் போய்விட்டார், ஒன்பது மாடியும். இறங்கும்போதும் படிதான். ஊர் திரும்பி ஒரு வாரம் என்னிடம் முழங்காலுக்கு மருந்தெண்ணெய் வாங்கித் தடவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மாமா ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு கண்டிஷன். “சாமான் நம்ம சாந்தி வண்டியிலதான் வரணும். நானும் அதுலதான் வருவேன்.” சாந்தி என்பது நான். வண்டி என்பது அண்டா குண்டா ஏற்றுவதற்கு நானும் எங்க வீட்டுக்காரரும் செகண்ட் ஹேண்டில் வாங்கின பிக்கப். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும், அந்த வண்டியின் முன்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

மாமா அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது பேத்தமங்களாவில் ஒரு விசேஷத்துக்கு சாம்பார் கொண்டுபோன அன்று. எங்க வீட்டுக்காரர் ஓட்டுகிறார், நடுவில் நான், கதவோரம் மாமா. ஸ்பீடு பிரேக்கரில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. ‘டொக்.’

“நிறுத்து!” என்று மாமா டேஷ்போர்டில் ஓங்கி ஒரு போடு போட்டார். எங்க வீட்டுக்காரர் பதறிப்போய் பிரேக் அடித்தார். பின்னால் சாம்பார் அண்டாவின் மூடி எகிறி விழுந்தது.

“இன்னா மாமா? இன்னாச்சு?” என்றார்.

“ஒண்ணு அடிச்சிதே, காதுல வுழல?”

“ஐயோ மாமா, அது பெல்லு இல்ல. வண்டி சத்தம்.”

“எதுவா இருந்தா இன்னா மாப்ள? ஒண்ணுன்னா ஒண்ணுதான்.”

எங்கள் ஊர் ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்? பள்ளத்துக்குப் பள்ளம் டொக், டொக்குக்கு டொக் நிறுத்து. சாம்பார் போய்ச் சேர்ந்தபோது அங்கே விருந்தாளிகள் தயிர் சாதத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். விசேஷ வீட்டுக்காரர் தெலுங்கில் பாதி, கன்னடத்தில் பாதி என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். தமிழில் திட்டியிருந்தால்கூட இத்தனை உறைத்திருக்காது.

திரும்பி வரும்போது மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “இன்னா சத்தம்னு தெரியாம ஆள ஏத்துறது பாவம். அத கண்டுபுடிச்சிட்டுதான் பெங்களூரு.” விமலாவுக்கு நான்தான் போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தாலே என் வண்டிக்கு வைத்தியம். நான் மெதுவாக ஓட்ட, மாமா மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி மட்கார்டில் கையை வைத்துக் குனிந்தபடி கூடவே நடப்பார். ‘டொக்’ என்றதும் கையை எடுத்து மோந்து பார்ப்பார். சத்தத்தை எதற்கு மோந்து பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. முதல் வாரம் ஷாக் அப்சார்பர் என்றார். மாற்றினோம். டொக். அடுத்த வாரம் ஸ்பிரிங் பட்டையைக் கட்டியிருக்கிற யூ போல்ட்டு லூஸ் என்றார். முறுக்கினோம். டொக். அதற்கடுத்த வாரம் என் கரண்டிகள் மேல் சந்தேகம் வந்து, சட்டுவம், சல்லடை, சீட்டுக்கு அடியில் கிடந்த ஜாக்கி ராடு எல்லாவற்றையும் தெருவில் இறக்கி வைத்தார். வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். டொக்.

ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டார். பாதி கன்னடத்தில் பேசுகிறவர். “ஏனூ இல்ல அக்கா. ஜாக்கில தூக்கினா சத்தமே பரல்ல. பாரம் எறங்கி நின்னாதான் வருது. அப்ப அடியில படுத்து பாக்க யாரால முடியும்?” அவர் சொன்னது நியாயம்தான்.

விமலா வாராவாரம் போன் செய்வாள். “அக்கா, வண்டி ரெடியா?” நான் இல்லை என்று சொல்லும்போது மாமா எங்கள் வாசலில் உட்கார்ந்து அக்கறையாக ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பார். எனக்கு மெல்ல சந்தேகம் தட்டியது. கேட்டே விட்டேன்.

“மாமா, நீங்க சத்தத்த கண்டுபுடிக்கிறீங்களா, இல்ல சோறு போட்டு வளக்கிறீங்களா?”

“பொறும்மா. அவசரப்பட்டா நடக்குமா?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நானும் அதற்குமேல் நோண்டவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்தச் சத்தத்தால் எனக்கு ஆர்டர் லேட்டாகிறது, எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கம் போகிறது, அப்படியும் ஒவ்வொரு ஞாயிறும் ‘டொக்’ என்று கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டு வாசலில் நாலு சக்கரத்திலும் நின்றிருந்தது. மாமா கோணியை விரித்து முன்பக்கத்துக்கு அடியில் படுத்திருந்தார். எதிரே சர்ச் சுவரோரம் மாமாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்த பழைய ஷிஃப்டு ஆட்கள் ஐந்தாறு பேர் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நட்டு துருப் பிடித்து இறுகிக்கிடந்தது. மாமா சுத்தியலை எடுத்து அதன் தலையில் போட்டார்.

டங். டங். டங்.

அவ்வளவுதான். அந்தக் கிழங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக்கூட இல்லை. பேப்பரை மடித்தார்கள். எழுந்தார்கள். நேராக வந்து என் வண்டியில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள்! பாதி பேர் பின்னால். இடம் போதாமல் இரண்டு பேர் முன் பம்பர் மேல். முட்டி வலி என்று சர்ச் படிகூட ஏறாத எதிர்வீட்டு அண்ணன் வைப்பரைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார்.

“அடப் பாவிகளா! கீழ ஆளு இருக்காருய்யா!” என்று நான் அலறினேன்.

“அவன்தான மூணு அடிச்சான்!” என்கிறார் வைப்பர் அண்ணன்.

வண்டியின் மூக்கு இறங்கியது. ‘டொக்.’

நான் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் சுத்தியல் ஒரே ஒருதரம் அடித்தது. டங். மேலே ஏறின கால் மேலே, நீட்டின கை நீட்டினபடி, அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். மாமா கோணியோடு நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் மண், கையெல்லாம் கிரீஸ்.

“கெடச்சிருச்சும்மா” என்றார். “எடது பக்கம். பட்டையோட முனைய சேஸிஸ்ல மாட்டியிருக்கிற எடத்துல ரப்பர் புஷ்ஷு தேஞ்சிபோச்சு. உள்ள பின்னு ஆடுது. இவனுங்க ஏறச்சொல்ல என் வெரலு மேலயே அடிச்சிது.”

கிழங்கள் கை தட்டி விசில் அடித்தன. மாமா சிரிக்கவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டே, “மெக்கானிக்க மாத்தச் சொல்லு. விமலாக்கு போன் போட்டுடு” என்றார். எனக்கு முகம் பொசுக்கென்று சுருங்கிவிட்டது.

“கெடச்சத சொல்லாமயே இருந்திருக்கலாமே மாமா. எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“தப்பான பெல்லு நான் என்னைக்கும் அடிச்சதில்லம்மா.”

உள்ளே போய் அடுப்பில் எதையோ கிளறினேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை என்று அப்புறம்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் கிளம்பினோம். இரும்புக் கட்டில், டிரங்குப் பெட்டி, அத்தை படம். பங்காருபேட்டை தாண்டினோம், கோலார் தாண்டினோம். எத்தனை ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியும் வண்டி வாயைத் திறக்கவில்லை. பாழாய்ப்போன புஷ்ஷு, அத்தனை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மாமா ஒவ்வொரு மேட்டிலும் காதைச் சாய்த்துப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அபார்ட்மெண்டில் எங்க வீட்டுக்காரர் சாமானோடு ஒரு நடை முன்னாடியே மேலே போய்விட்டார். லிஃப்டு திரும்பி வந்து வாயைத் திறந்து நின்றது. விமலா உள்ளே போய், “வாங்கப்பா” என்று கையை நீட்டினாள். மாமா நகரவில்லை. படிக்கட்டைப் பார்த்தார். இடுப்பைத் தடவிக்கொண்டார்.

“எல்லாரையும் நான்தாம்மா ஏத்தி அனுப்புனேன்” என்றார் என்னிடம், தணிந்த குரலில். “எனக்கு எவன் அடிப்பான்?”

கையில் இருந்த குழம்புத் தூக்கைக் கீழே வைத்தேன். லிஃப்டின் இரும்புச் சட்டத்தில் என் வளையல் கையால் தட்டினேன். டக். டக். டக்.

மாமா என்னைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு, ஷிஃப்டுக்குப் போகிற மாதிரி உள்ளே ஏறி நின்றார். “நல்லா அடிக்கிறம்மா” என்றார். கதவு மூடிக்கொண்டது. மேலே ஒன்று, இரண்டு என்று நம்பர் ஏறத் தொடங்கியது.

எனக்குத் தாங்கவில்லை. மூடின கதவில் ஒரே ஒரு தட்டு தட்டினேன். பெங்களூரு லிஃப்டுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது.