சங்கு என்னும் குடும்பச் சொத்து

எண்ணூர்ப் பக்கத்துத் தொகுதியின் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் வெற்றி அவர்கள், பிறந்த அன்றே வென்றவர். ஆஸ்பத்திரியில் அவரைத் தராசில் வைத்தபோது எதிர்த்தட்டிலிருந்த எடைக்கல்லைத் தவிரப் போட்டியாளர் யாரும் இல்லை. எடைக்கல் டெபாசிட் இழந்தது.

ஆறு வயதில் பிரசார வேனில் ஏறிக் கையசைத்தார். பன்னிரண்டில் மாணவரணிக்குக் கௌரவ ஆலோசகர். முப்பத்தொன்றில், அப்பா மனோகரன் படுத்த படுக்கையானதும், "மக்கள் அழைக்கிறார்கள்" என்று அறிக்கை விட்டார். அழைத்த மக்கள் யார் என்று விசாரித்ததில் ஒரு சித்தப்பா, இரண்டு மாமா, ஒரு மைத்துனர் என்று தெரியவந்தது. அவர்களும் மக்கள்தானே.

அவருக்குப் பூர்வீகமாக வந்து சேர்ந்த சொத்துகள் மூன்று. ராயபுரத்தில் கல்யாண மண்டபம். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரி. மூன்றாவது, சங்கு.

சங்கு என்றால் இன்னும் வைக்கப்படாத சங்கு. தொகுதியின் மீனவர் குப்பத்துக்குப் பின்னால் ஒரு ரசாயனக் கம்பெனி இருக்கிறது. அவ்வப்போது அங்கிருந்து வாயு கசியும். கண் எரியும், தொண்டை அடைக்கும். கசிந்த உடனே ஊதி எச்சரிக்கத் தெருமுனையில் ஒரு அபாயச் சங்கு வேண்டும் என்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் குப்பத்தார் மனு கொடுத்தார்கள். தாத்தா ஏகாம்பரம் "வைப்பேன்" என்றார், ஜெயித்தார். அப்பா மனோகரனும் "வைப்பேன்" என்றார். நாலு தடவை ஜெயித்தார். வெற்றி மைக்கைப் பிடித்து, "என் தாத்தா வாக்களித்த சங்கு! என் அப்பா வாக்களித்த சங்கு! அதே சங்கை நானும் உங்களுக்கு வாக்களிக்கிறேன்!" என்றதும் விசில் பறந்தது.

மோகனப்ரியாவுக்கு மட்டும் விசில் வரவில்லை. கான்வென்டில் படித்துவிட்டுக் குப்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். எட்டு மாதக் கைக்குழந்தை. போன செவ்வாய்க்கிழமை காலையில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாற்றம் வருகிறதே என்று கீழே ஓடிவருவதற்குள் தூளியில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தான். சங்கு ஊதியிருந்தால் ஐந்து நிமிஷம் முந்தியிருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனு எழுதினாள். மாமியார் கெங்கம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனாள்.

மூன்று தலைமுறைக்கும் உதவியாளராக இருந்துவரும் மஜீது, மனுவை வாங்காமல் சுவரைக் காட்டினார். அங்கே இரண்டு போட்டோ. கறுப்பு வெள்ளையில் கெங்கம்மாவின் மாமனார் ஏகாம்பரத்திடம் மனு கொடுக்கிறார். கலரில் கெங்கம்மா மனோகரனிடம் மனு கொடுக்கிறாள். நாலு பேரும் மனுவைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கிறார்கள்.

"மனு குடுக்கறது உங்க வூட்டுப் பரம்பரைம்மா. கெங்கம்மா உயிரோட கீறப்போ நீ குடுத்தா, வாரிசுச் சண்டைன்னு பேப்பர்ல போட்ருவான்."

"எனக்குதான் முட்டி வலி கீதே பாய். இனிமே இதுவே குடுக்கட்டும்" என்று கெங்கம்மா முறைப்படி பதவி விலகினாள். அதன் பிறகே உள்ளே அனுப்பினார்கள்.

ஏசி அறையில் வெற்றி அவர்கள் தம் மகன் தீபனுக்குக் கட்சிக் கரை வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். தீபனுக்கு அடுத்த வாரம் ஒரு வயது நிறைகிறது. வேட்டி நிற்கவில்லை; தீபனும் இன்னும் நிற்கவில்லை.

"ஒரு சங்கு வைக்க என்ன சார் கஷ்டம்?" என்றாள் மோகனப்ரியா.

"கஷ்டமே இல்லக்கா. நாளைக்கே வச்சிடலாம். வச்சிட்டா, அப்புறம்?"

"அப்புறம் என்ன சார்? ஊதும். ஓடுவோம்."

"நீங்க ஓடிடுவீங்க. இவன்?" வெற்றி மகனைத் தூக்கிக் காட்டினார். குரல் தழுதழுத்தது. "நாளைக்கு இவன் எதைச் சொல்லி ஓட்டு கேப்பான்? நீங்களும் ஒரு தாய். ஒரு குழந்தையோட எதிர்காலத்தைக் கெடுக்கலாமாக்கா?"

"வாஸ்தவம்தான் நைனா" என்று கெங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் இடுப்பில் பேரன் இருமினான். மூன்றாவது போட்டோ எடுக்கப்பட்டது.

ஒரு வாரம் கழித்துத் தீபனின் பிறந்தநாள் விழா, குப்பத்துத் தெருமுனையில். சங்கு வைக்க வேண்டிய அதே இடத்தில் மேடை. விழா என்றால் மேடையில் ஒரு மனு வாங்கி, அதை மைக்கில் வாசித்து, "ஆவன செய்யப்படும்" என்று அறிவிப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். மோகனப்ரியா புதிதாக ஒரு மனு எழுதி நீட்டினாள். நாற்பது வருஷமாக ஒரே மனுதான் என்பதால் மஜீது அதை முன்கூட்டிப் பார்க்கவில்லை. நேரே மைக்கில் கணீரென்று வாசித்தார்:

"மாண்புமிகு ஐயா அவர்களுக்கு. எங்களுக்குச் சங்கு வேண்டாம். அதைத் தங்கள் குடும்பமே வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பதிலாகத் தம்பி தீபன், எங்கள் தெருவில், என் பிள்ளையின் தூளிக்குப் பக்கத்தில், ஒரே ஒரு மாதம் தூங்கட்டும்..."

மஜீதின் குரல் தேய்ந்து நின்றது. வெற்றி அவர்களின் கை, தம்மை அறியாமல் போய் மகனின் மூக்கை மூடிக்கொண்டது. பந்தலில் உட்கார்ந்திருந்த எழுபது எண்பது தாய்மார்களும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

புரிந்துவிட்டது என்று நினைத்தாள் மோகனப்ரியா. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

முதலில் எழுந்தவள் கெங்கம்மா.

"ஏன்டி, நெஞ்சுல ஈரம் கீதா உனக்கு? ஒண்ணும் அறியாத பச்சப் புள்ளய இந்த நாத்தத்துல கொண்டாந்து படுக்க வெக்கச் சொல்றியே! அதுக்கு எதுனா ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"அப்டிக் கேளு கெங்கம்மா!" என்றது பின்வரிசை.

"படிச்சவளாம், இன்னா கல் மனசு பாரேன்!" என்றது முன்வரிசை.

வெற்றி அவர்கள் எழுந்து மக்களை நோக்கிக் கைகூப்பினார். கண்ணில் நீர். "இந்த அன்புக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்? இந்தத் தெருவுக்கு ஒரு சங்கு வைத்தே தீருவேன்!"

குப்பமே கை தட்டியது. கெங்கம்மாவும் தட்டப் பார்த்தாள், முடியவில்லை. தட்டுவதற்குத் தோதாக இருக்கட்டும் என்று, இடுப்பில் இருமிக்கொண்டிருந்த பேரனை மோகனப்ரியாவிடம் நீட்டினாள்.