முத்துமாரியின் பெயரில் ஒரு நாற்காலி

மனிதனை மனிதன் மதிப்பது எப்படி என்று உலகம் பல நூற்றாண்டுகளாகத் திணறிக்கொண்டிருந்தது. அந்தச் சிக்கல் சென்ற மாதம் ஆம்பூரில், எங்கள் ஞானச்சுடர் மெட்ரிகுலேஷன் பள்ளியின் தாளாளர் அறையில், ஏ.சி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் நிரந்தரமாகத் தீர்க்கப்பட்டது. தீர்த்துவைத்த பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைப் பதிவு செய்வது என் கடமை. தற்பெருமை எனக்குப் பிடிக்காது. உண்மையை மறைப்பதும் பிடிக்காது.

விஷயம் சாதாரணமாகத்தான் தொடங்கியது. எங்கள் எல்.கே.ஜி. பிரிவில் முத்துமாரி என்று ஓர் ஆயா இருக்கிறார். காலை மணி அடித்ததிலிருந்து வேன் கிளம்பும் வரை கழிப்பறை வராந்தாவில் நிற்பார். குழந்தைகளை உள்ளே அனுப்புவது, கழுவிவிடுவது, நிக்கர் மாட்டுவது, அழுதால் தூக்கிச் சமாதானம் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், குந்தறதுக்கு ஒரு சேர் வேணும். முட்டி வீங்கிப் போச்சு. ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"எந்த மாதிரி சேர்?" என்று கேட்டேன். விவரம் இல்லாமல் எங்கள் அலுவலகத்தில் எதுவும் நகராது.

"கை இல்லாத சேரா இருந்தாலும் பரவால்ல சார். கால் இருந்தா போதும்."

கோரிக்கையைக் குழுவின் முன் வைத்தேன். தாளாளர் ஜம்புலிங்கம் ஐயா கண்களை மூடிச் சிந்தித்தார். அவருக்கு ஷூ மேல்பாகம் தைக்கும் கம்பெனியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு ஆள் வரும்போதெல்லாம் தொழிலாளர்களுக்கு நாற்காலி போட்டு, அந்த ஆளின் கார் கேட்டைத் தாண்டியதும் எடுத்து அடுக்கிவைத்துப் பழக்கப்பட்டவர். நாற்காலியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

"சேர் இன்னா சேர்?" என்றார் கடைசியில். "வெறும் பிளாஸ்டிக். அத எவன் வேணா குடுப்பான். நாம 'மதிப்பு' குடுக்கணும்."

எங்களுக்கு மெய்சிலிர்த்தது. உட்கார்ந்தே இருப்பது சிகரெட் பிடிப்பதைவிடக் கெடுதல் என்று வாட்ஸப்பில் வந்திருப்பதாக உடற்கல்வி ஆசிரியர் ஆரோக்கியசாமி எச்சரித்தார். சுழல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு அவர் எச்சரித்ததால், அவருடைய உடம்பை நினைத்து எனக்குக் கவலையாகிவிட்டது.

ஒருமனதாக முடிவெடுத்தோம். இனி 'ஆயா' என்ற சொல் கிடையாது. முத்துமாரி 'மழலையர் நல ஒருங்கிணைப்பாளர்' ஆகிறார். தவிர, வரும் சனிக்கிழமை பள்ளியின் துணைப் பணியாளர்கள் அனைவருக்கும் பிரியாணிக் கடையில் 'மதிப்பளிப்பு விருந்து'. வருஷம் முழுக்க நிற்பவர்கள் அன்றைக்கு உட்காருவார்கள், மற்றவர்கள் அவர்களுக்குப் பரிமாறுவார்கள். நாற்காலிப் பிரச்சினையும் இதிலேயே அடங்கிவிடுகிறது என்று தாளாளர் சுட்டிக்காட்டினார்.

செய்தியை முத்துமாரியிடம் சொன்னேன்.

"அப்போ சேர் இல்லியா சார்?"

"சேரெல்லாம் அங்க இருக்கும்மா. வரிசையா, ஃபேனுக்குக் கீழ."

சனிக்கிழமை பள்ளி வேனில் கிளம்பினோம். பைபாஸ் ஓரம் அப்துல் வஹீத் பாயின் கடை. நானே அங்கே பல முறை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அப்போதெல்லாம், வேண்டாம் என்றாலும் விடாமல் கத்திரிக்காயை அள்ளிவைத்துவிட்டுப் போகும் சர்வர்கள் இருந்தார்கள்.

நான் முத்துமாரியிடம் பொய் சொல்லவில்லை. நாற்காலிகள் இருந்தன. வரிசையாக, ஃபேனுக்குக் கீழே. ஒவ்வொன்றிலும் ஒரு பார்சல் உட்கார்ந்திருந்தது. ஆண்டு விழாவில் முன்வரிசைப் பிரமுகர்களுக்கு நாங்கள் ஒட்டுவதுபோல ஒவ்வொரு பார்சலுக்கும் பெயர்ச்சீட்டு. சர்வர்கள் இருந்தார்கள், பரிமாறவில்லை. பைகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் இருந்த கருவி "புதிய ஆர்டர்" என்று பெண் குரலில் கூவும்போதெல்லாம் பணிவோடு நிமிர்ந்தார்கள். வாசலில் நின்ற எங்களை ஒருவரும் பார்க்கவில்லை.

"பாய், ஸ்கூல்லேர்ந்து எல்லாரும் வந்திருக்கோம்" என்றேன்.

"வந்து இன்னா சார் பிரயோஜனம்? ஆப்ல போட்டீங்களா?"

"அதான் நேர்லயே வந்துட்டோமே."

"அதான் சார் பேஜார். நேர்ல வர்றவங்க ரெண்டு தபா கத்திரிக்கா கேக்கறாங்க, தால்ச்சா ஜாஸ்தி ஊத்தச் சொல்றாங்க, ஃபேனு பத்தலன்றாங்க. பார்சலப் பாருங்க. வாயத் தொறக்குதா?"

பார்த்தேன். திறக்கவில்லை. இவ்வளவு ஒழுக்கத்தை நான் எங்கள் காலை வழிபாட்டில்கூடக் கண்டதில்லை.

வேறு வழியின்றி, அங்கேயே நின்றுகொண்டு ஆப்பில் ஆர்டர் போட்டேன். கொண்டுவந்து சேர்க்கவேண்டிய முகவரி, அதே கடை. மதிப்பளிப்பு என்பதால் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகப் போடும்படி தாளாளர் உத்தரவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு டெலிவரிக்காரர் வந்து ஒரு பார்சலை எடுத்துக்கொண்டு போக, ஒரு நாற்காலி காலியானது. முத்துமாரி முட்டியைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் சர்வர் ஒருவர் புதுப் பார்சல் ஒன்றைக் கொண்டுவந்து அதில் மரியாதையாக உட்காரவைத்தார். சீட்டில் 'முத்துமாரி' என்று அச்சாகியிருந்தது.

அவர் இடுப்பில் கைவைத்து அதையே பார்த்தார்.

"எம் பேரு குந்திக்கினு கீது சார். நான் நிக்கிறேன்."

எடுக்கப் போனவரை சர்வர் தடுத்தார். டெலிவரிக்காரர் எடுத்துத் தந்தால்தான் கணக்கு முடியுமாம். அவரும் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பார்சலை எடுத்தார், திரும்பினார், "முத்துமாரிங்களா? ஓ.டி.பி. சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். அஞ்சு ஸ்டார் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குள் அந்த நாற்காலியில் வாணியம்பாடி ரோட்டுக்குப் போகவேண்டிய பார்சல் ஒன்று அமர்ந்துவிட்டது.

"போட்டோ எடுக்கணுமே" என்றார் தாளாளர். மதிப்பு கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டாமா? வஹீத் பாய் மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். வாணியம்பாடி ரோட்டுப் பார்சலை எங்கள் வாட்ச்மேன் இருதயராஜ் இரு கையாலும் ஏந்திக்கொள்ள, முத்துமாரி உட்கார்ந்தார். தாளாளர் பின்னால் நின்று சிரித்தார். படம் நன்றாக வந்தது.

"சரிம்மா, எழுந்திரு. பார்சல வைக்கணும்" என்றார் தாளாளர்.

முத்துமாரி எழுந்திருக்கவில்லை. தன் பார்சலை மடியில் வைத்து, ரப்பர் பேண்டை உருவிவிட்டு, சாப்பிட ஆரம்பித்தார்.

"இன்னாம்மா பண்றே?"

"மதிப்பு வாங்கிக்கறேன் சார்."

டெலிவரிக்காரர்கள் கூடிவிட்டார்கள். கருவி விடாமல் கூவியது. இருதயராஜ் வாணியம்பாடி ரோட்டைக் கை மாற்றி மாற்றி ஏந்திக்கொண்டிருந்தார். ஒரு மனிதப் பிறவி உட்கார்ந்து சாப்பிடுவதை சர்வர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முத்துமாரி யாரையும் கண்டுகொள்ளவில்லை. எலும்பைக் கடித்தார், விரலைச் சப்பினார், வீங்கிய காலை நன்றாக நீட்டிக்கொண்டார்.

வஹீத் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கையில் கரண்டி இருந்தது.

"கத்திரிக்கா இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமாம்மா?"

"வைங்க பாய். தால்ச்சாவும் ஊத்துங்க."

பாய் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நிர்வாகத்துக்கு லாயக்கில்லாத சந்தோஷம். முத்துமாரி கை கழுவி வந்ததும், "இந்த சேர நீயே எடுத்துனு போம்மா. பார்சலுக்கு இன்னாத்துக்கு சேரு?" என்றார். நாற்காலி முத்துமாரியின் மடியில் ஏறி எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. வழி முழுக்க அவர் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை குழு அவசரமாகக் கூடியது. மதிப்பின் சின்னமாக வந்திருக்கும் ஒரு பொருளைச் சாதாரண நாற்காலிபோலப் பயன்படுத்துவது அந்த மதிப்பையே அவமதிப்பது ஆகும் என்று கண்டோம். எனவே அதைத் துடைத்து, கழிப்பறை வராந்தாவிலேயே நடுநாயகமாகப் போட்டு, சுற்றிலும் கயிறு கட்டினோம். 'துணைப் பணியாளர் மதிப்பளிப்பு நினைவு நாற்காலி. அமரக் கூடாது' என்று பலகையும் வைத்தோம். குழந்தைகள் ஏறிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் கூடுதல் கௌரவத்தை முத்துமாரிக்கே வழங்கினோம். அவர் கயிற்றையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

மறுநாளே அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரியவந்தது. கயிற்றைக் குழந்தைகளுக்கு ஸ்கிப்பிங் ஆடக் கொடுத்துவிட்டார். பலகையைத் தன் வீங்கிய காலுக்கு அண்டக் கொடுத்திருந்தார். "மதிப்புச் சின்னத்தின் மீது தாங்கள் அமர்ந்தது ஏன் என்பதற்கு உடனே விளக்கம் அளிக்கவும்" என்று மெமோ தயாரித்து, கையெழுத்து வாங்கிவர நானே எடுத்துப் போனேன்.

முத்துமாரி உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார். எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார். நடுவில் ஒரு குழந்தை வந்தது. எழுந்துபோய்க் கழுவிவிட்டு, நிக்கர் மாட்டி அனுப்பிவிட்டு, மறுபடி உட்கார்ந்து முதல் வரியிலிருந்து தொடங்கினார். கையெழுத்து வாங்காமல் நான் போக முடியாது. அந்த வராந்தாவில் உட்காரவும் வேறு இடம் இல்லை. முதலில் முட்டி இழுத்தது. அப்புறம் இடுப்பு. கால் மாற்றி நின்று பார்த்தேன், சுவரில் சாய்ந்து பார்த்தேன்.

"இன்னா சார், கால் வலிக்குதா?"

"ஆமாம்மா. ரொம்ப வலிக்குது."

முத்துமாரி மெமோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சேர் மட்டும் கேட்டுடாதீங்க சார். பிரியாணி வாங்கிக் குடுத்துருவாங்க."