பாராட்டு விழாச் சர்க்கரை

புற்றுநோயைக் குணமாக்குகிற டாக்டர்கள் சென்னையில் இருக்கலாம். குணமானவர்களைக் கௌரவிக்கத் தெரிந்த மகான்கள் திண்டிவனத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கூடி நடத்தும் ‘ஆரோக்கிய பரிபாலன சபை’யில் அடியேனும் ஓர் அங்கத்தினன்.

1943-ல் எங்கள் ஊர்க் கிருஷ்ணவேணி சென்னையிலிருந்து திரும்பினாள். மார்பில் வந்த புற்றை அறுத்து எடுத்துவிட்டார்கள். இனி அதைப் பற்றிப் பயமில்லை. பயமெல்லாம் அவளுடைய பழைய நீரிழிவைப் பற்றித்தான். தினமும் இன்சுலின் ஊசி, அளவான சாப்பாடு, இனிப்பு வாயில் படவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

சபைத் தலைவர் வக்கீல் வேங்கடேசன் உடனே அவளுக்குப் பாராட்டு விழா அறிவித்தார். யுத்த காலம், சர்க்கரைக்கு ரேஷன். ‘நோயாளியின் க்ஷேமத்தை முன்னிட்டு’ என்று மனுப் போட்டு, ஒரு மூட்டைக்கு ஸ்பெஷல் பர்மிட் வாங்கிவிட்டார். அவர் செல்வாக்கு அப்படி.

அந்தச் செல்வாக்கை நம்பித்தான் அவள் புருஷன் தேவநாதன் வந்தான்.

“ஊசி மருந்து தீந்துபோச்சுங்க. விழுப்புரம் முச்சூடும் தேடிக்கினு வர்றேன், இல்லைன்றாங்க. பெரியவங்க நீங்க பட்டணத்துல ஒரு வார்த்தை சொன்னா கிடைக்குமாம்.”

“அதுக்கு ஒரு சப்-கமிட்டி போட்டுடலாம். விழா முடியட்டும்” என்றார் தலைவர்.

விழா மேடையில் கிருஷ்ணவேணி நாக்கு வறண்டு, தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலைவர் லட்டை நீட்டினார்.

“வேணாங்க. எனக்கு ஆவாது.”

“புத்தையே ஜெயிச்சவ, லட்டுக்குப் பயப்படலாமா? சபை மரியாதைம்மா.”

“புத்தும் என்னைக் கேட்டுக்கினு வரல. நீங்களும் கேக்க மாட்டேன்றீங்க” என்றாள்.

நகைச்சுவை என்று நினைத்துச் சபை கைதட்டியது. அந்தக் கைதட்டலில் லட்டு உள்ளே போய்விட்டது.

மறுநாள் வாந்தி, மேல்மூச்சு. தேவநாதன் விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

“ஊசியை ஏன்யா நிறுத்தினே?” என்றார் அங்கிருந்த டாக்டர். “புத்து துளிகூட இல்லை. சர்க்கரைதான் ஏறிக் கிடக்கு.”

அவரிடமும் மருந்து இல்லை. அவள் கண் திறக்கவேயில்லை.

அனுதாபக் கூட்டம் விழாவைவிட விமரிசையாக நடந்தது. தீர்மானம் எழுதும் பணி எனக்கு. ‘சர்க்கரை வியாதியால் காலமான’ என்று ஆரம்பித்தேன். தலைவர் என் கையைப் பிடித்தார்.

“புத்துநோய்னு போடும் ஐயா. சர்க்கரைன்னு போட்டா அடுத்த விழாவுக்குப் பர்மிட் குடுக்க மாட்டான்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

“பொய்யிங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். தேவநாதன்தான். அவன் அங்கத்தினன் இல்லை. ஆகவே ஏகமனதுக்குப் பங்கமில்லை.