ஓல்டான் முன்னால் போன நாள்

பீளமேட்டிலிருந்து பழனிக்குப் போகும் ரோட்டில், முன்னால் ஒருவர் முதுகு தெரியாமல் ஓரடிகூட எடுத்து வைக்காத ஒரே மனிதர் எங்கள் ஓல்டான் அண்ணன்தான். ரோட்டில் மட்டுமல்ல, உலகத்தில் எங்கே வரிசை நின்றாலும் அதன் வால் அவர்தான்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. லாரியில் கிளீனராகவே காலத்தைக் கழித்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வண்டி பின்னால் வரும்போது "வரட்டும், வரட்டும்" என்று கையைக் காட்டிவிட்டு, சுவர் இடிக்கும் முன்னால் "ஓல்டான்!" என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தத்துக்கு லாரி மட்டுமா நிற்கும்? பக்கத்து டீக்கடையில் வடையைக் கடித்தவனும் கடித்தபடியே நிற்பான்.

அவரோடு கிளீனராகச் சேர்ந்தவர்கள் டிரைவராகி, சொந்த வண்டி வாங்கி, அதை விற்றும் விட்டார்கள். இவர் கிளீனராகவே இருந்தார். கேட்டால், "ஸ்டியரிங் புடிச்சா ரோடு மட்டுந்தானுங்க தெரியும். பின்னாடி நின்னாத்தானுங்க வண்டி தெரியும்" என்பார்.

ரேஷன் கடை வரிசையில் அவருக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால் அவருக்கு முதுகு கூசும். "நீங்க முன்னாடி போங்க அம்மணி" என்று விலகிக்கொள்வார். அவர் முறை வரும்போது கடைக்காரர் பூட்டைத் தேடிக்கொண்டிருப்பார். பெண் பார்க்கப் போனபோதும் எல்லோரும் உள்ளே போகட்டும் என்று கடைசியில் நின்றிருக்கிறார். பெண் வீட்டார் அவரைக் கார் டிரைவர் என்று நினைத்து, வாசலிலேயே காபி கொடுத்துவிட்டார்கள். அவரும் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு வேறு பெண் பார்க்கவில்லை. லேத் பட்டறைக்குப் பின்புறம் ஓர் அறையில் ஒற்றை ஆளாகவே இருந்தார். மழை பெய்தால் அந்த அறையில் பாத்திரங்களுக்கு நல்ல வேலை இருக்கும்.

ஒவ்வொரு தை மாதமும் எங்கள் வீதியிலிருந்து ஒரு குழு பழனிக்கு நடக்கும். முன்னால் ஒருவர் வேல் பிடித்துப் போவார். அவர் சொல்வதுதான் நடை, அவர் சொல்வதுதான் ஓய்வு. அப்போதெல்லாம் வேல் பிடித்தவர் கிரைண்டர் கடைக்கார அண்ணன். அவரை 'கிரைண்டர்' என்றே சொல்வோம். சுவிட்சைப் போட்டது போல நடப்பார். கடைசியில் ஓல்டான் அண்ணன், முதுகுப் பையில் லாரிக்குப் பின்னால் ஒட்டும் மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கரோடு வருவார். அவருக்கு ஒரு முதுகு முன்னால் நான். பம்ப் செட்டுகளை அட்டைப் பெட்டியில் கட்டுவது என் வேலை. மோட்டார் பேசாது என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வரிசையின் கடைசியிலும் யாரும் நம்மை எதுவும் கேட்கமாட்டார்கள்.

எனக்கு முன்னால் தையல்கார அண்ணன். கனத்த உடம்பு, முழங்கால் வலி. மகளுக்குக் குழந்தை பிறந்தால் நடந்து வருகிறேன் என்று வேண்டி, பேரன் பிறந்தபின் வருடம் தவறாமல் வந்தார். அவர் பின்தங்கும்போதெல்லாம் வரிசையின் வாலிலிருந்து "ஓல்டான்!" என்று கேட்கும். மொத்தக் குழுவும் நின்றுவிடும்.

கிரைண்டர் பொறுமையிழந்து திரும்புவார். "ஏனுங்க, நாம பழனிக்கு நடக்கறமா, இல்ல பஸ் ஸ்டேண்டுல வண்டி பின்னாடி எடுக்கறமா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. எங்கீமே இடிக்காம போய்ச் சேரோணும்" என்பார் ஓல்டான்.

ஆனால் வேல் பிடித்தவர் சொல்லை அவர் ஒருநாளும் நாலு பேர் முன்னால் மறுத்ததில்லை. ஒரு வருடம் பொள்ளாச்சி தாண்டியதும் கிரைண்டர் தையல்கார அண்ணனைக் காட்டி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "இவரால நாம பூசத்துக்கு எங்க போய்ச் சேர்றது? காலைல பஸ் ஏத்தி உட்டுருங்க."

தையல்கார அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஓல்டான், "ஆகட்டுங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் தங்கின இடத்தில், ஓல்டான் வழக்கம்போல வேல் பிடித்தவர் காலுக்கு வெந்நீர் கொண்டுபோனார். நான் பக்கெட் தூக்கினேன். யாரும் இல்லாதபோது, கிரைண்டரின் குதிகாலைத் தேய்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"நீங்க சொன்னா காலைல ஏத்தி உட்டர்றனுங்க. அப்பறம் நானும் அதே பஸ்ல ஏறிக்கறனுங்க."

"நீங்க எதுக்குங்க?"

"அவருக்குப் பின்னாடி ஆள் வேணுமில்லீங்க."

கிரைண்டர் காலை இழுத்துக்கொண்டார். மறுநாள் யாரும் பஸ் ஏறவில்லை. கிரைண்டர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை நடப்பது போல நடந்தார். ஒரே ஒரு தடவை பின்னால் பார்த்து, "போதுங்களா இந்த ஸ்பீடு?" என்று கத்தினார்.

அடுத்த வருடம் அவர் காரில் பழனிக்குப் போய்விட்டார். வேல் ஓல்டான் அண்ணன் கைக்கு வந்தது. கடைசி இடம் எனக்கு.

புறப்படும்போது அவர் கேட்டார். "ஆராச்சும் பின்தங்குனா கத்தோணும். கத்துவியா கண்ணு?"

"சத்தம் வராதுங்கண்ணா."

"கைய வேணாத் தூக்குவியா?"

"தூக்குவனுங்க."

"அது போதும்" என்றார். போதும் என்று ஏன் சொன்னார் என்பது நடக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. மனிதர் வேலைப் பிடித்துக்கொண்டு, முகத்தை எங்கள் பக்கம் திருப்பி, பின்புறமாக நடக்கத் தொடங்கினார். நான் கை தூக்கினால் தெரிய வேண்டுமே!

கிணத்துக்கடவில் ஒரு பால்காரரின் சைக்கிளில் மோதினார். கோமங்கலத்தில் நடுரோட்டில் படுத்திருந்த எருமையின் மேல் உட்கார்ந்தே விட்டார். எருமை எழுந்திருக்கவில்லை. அதுவும் யாரையோ பின்தொடர்ந்து வந்து களைத்தது போல. உடுமலையில் ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து, "ஏனுங்க பெரியவரே, வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் ஓல்டான். அவ்வளவுதான். பின்நடைச் சாமி வருகிறது என்று செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. மடத்துக்குளத்தில் பெண்கள் குடத்தோடு காத்திருந்து அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அவர் கூச்சத்தில் நெளிந்து, "எனக்கில்லீங்க அம்மணி, கடைசில ஒருத்தன் வாரான், அவனுக்கு ஊத்துங்க" என்று என்னைக் காட்டிக்கொடுத்தார்.

பூசம் முடிந்த மறுநாள்தான் பழனி போய்ச் சேர்ந்தோம். ஆனால் ஆள் குறையாமல் சேர்ந்தோம். தையல்கார அண்ணன் தன் காலாலேயே மலை ஏறினார். இறங்கி வந்ததும் ஓல்டான் வேலை என் பக்கம் நீட்டினார்.

"இது நமக்கு ஆகாது. கழுத்து சுளுக்கிப்போச்சு. நீ புடி."

"எனக்குப் பேச வராதுங்கண்ணா."

"பேசறதுக்கு மைக்குப் புடிச்சாப் போதுமே, வேலு எதுக்கு?"

நான் வாங்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

அந்த ஆடியில் சர்க்கரை அவர் கால் கட்டைவிரலைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தபிறகு போய்ப் பார்த்தேன். "எப்பவும் அதுதான் முன்னாடி நடக்கும். அதனாலதான் போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த தையில் அவரைச் சமையல் சாமான் ஏற்றின குட்டியானை டெம்போவில் உட்கார வைத்தோம். சமையல் வண்டி எங்களுக்கு முன்னால்தான் போக வேண்டும். அவர் அரிசி மூட்டை மேல் பின்புறம் பார்த்து உட்கார்ந்து, நாங்கள் சிறுத்து மறையும் வரை பார்த்துக்கொண்டே போனார். வேலை ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று மாற்றிப் பிடித்தார்கள். யார் கைக்கு வேல் போனாலும் அவருக்குக் காலில் வேகம் வந்துவிடும். குழு மூன்றாக உடைந்தது. கோமங்கலத்துக்கு முன்னால் தையல்கார அண்ணன் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். நான் கை தூக்கினேன். தூக்கியபடியே நின்றேன். யாரும் திரும்பவில்லை.

தையல்கார அண்ணனைக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றினேன். நானும் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். வீடு வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வேண்டுதல் தொடங்கியபின் அந்த வருடம்தான் அவர் மலையைப் பார்க்கவில்லை.

ஓல்டான் திரும்பி வந்ததும் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏத்தி உட்டுட்டு நீயும் ஏறீட்டயா?"

"ஆமாங்கண்ணா."

காலை மெதுவாக நீட்டிக்கொண்டார். பிறகு, "ரைட்டு" என்றார். லாரியை நிற்கச் சொன்ன அளவுக்கு அவர் 'ரைட்டு' என்று போகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது அபூர்வம்.

கார்த்திகை மழையில் அவர் போய்விட்டார். காலில் வந்தது மேலே ஏறிவிட்டது என்றார்கள். காரமடையிலிருந்து வந்த அக்கா மகன் கொள்ளிச்சட்டி பிடித்தான். கிரைண்டர் காரை வீதிமுனையில் நிறுத்திவிட்டு, மாலையோடு வந்து எல்லோருக்கும் முன்னால் நின்றார். இனிமேல் பழனி நடை வேண்டாம், வேலைக் கோயிலில் கொடுத்துவிடலாம் என்று சாவு வீட்டிலேயே பேச்சு ஓடியது. தையல்கார அண்ணன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அமரர் வண்டி புறப்பட்டது. முன்னால் பறை, நடுவில் அவர், பின்னால் நாங்கள். வாழ்நாளில் முதல் முறையாக ஓல்டான் எங்களை விட்டு முன்னால் போனார். எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. திரும்பிக்கொண்டேன்.

திரும்பியதால்தான் தெரிந்தது. தூறலில், வெகுதூரம் பின்னால், தையல்கார அண்ணன் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

கை தூக்கினேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"ஓல்டான்!"

அது என் தொண்டையிலிருந்துதான் வந்தது. வண்டி சட்டென்று நின்றது. பறை நின்றது. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. சிலர் பயத்தோடு வண்டிக்குள்ளே பார்த்தார்கள்.

தையல்கார அண்ணன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "ஏனுங்க நிக்கறீங்க? ஆரு கூப்புட்டா?"

"நாந்தானுங்க" என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முன்னால் நின்ற கிரைண்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க முன்னாடி போங்க தம்பி" என்றார். "இவருக்குப் பின்னாடி நான் வாரேன்."

வண்டி டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போகச் சொல்லி யாராவது சொல்ல வேண்டும். நிறுத்துவதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. ஓல்டான் அண்ணனைப் போகச் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்? எல்லோரும் மழையில் காத்திருந்தார்கள். கடைசியில் சொன்னேன்.

"ரைட்."

வேலைக் கோயிலில் கொடுக்கவில்லை. இப்போது தையில் அது என் கையில் இருக்கிறது. எருமை மேல் உட்காராமல் நடக்கிறேன், ஆனால் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறேன். தையல்கார அண்ணன் வருகிறார். அவருக்குப் பின்னால், காரில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரை உரித்துப் பையில் ஒட்டிக்கொண்டு கிரைண்டர் வருகிறார். அவர்தான் கடைசி ஆள் என்று குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள்.

எனக்கென்னவோ, அவர் கடைசிக்கு முந்தின ஆள்தான்.