ஐந்து இடக்கால் செருப்புகளும் ஒற்றைக்கண் காவலனும்

வாழ்க வீரன்! மலையெனக் குவிந்த கரும்புப் பெட்டிகளைத் தன் இரும்புக் குதிரையின் பின்னே பூட்டி, மக்காய் நகரின் வயல்வெளிகளை முப்பத்தோர் ஆண்டுகள் கிடுகிடுக்கச் செய்தவன். ரயில் கேட்டில் காத்துக் கிடந்த காரோட்டிகளின் சாபங்களையே கவசமாகத் தரித்தவன். ஓய்வு பெற்றும் ஓயாதவன். தலையில் வெயிலும் நாவில் சொல்லும் என்றும் வற்றாதவன்! மெர்வின் டல்லக் என்னும் அப்பெருந்தகையின் போர்க்கதையைச் சொல்லப் புகுகிறேன், அவையோர் செவிசாய்த்தருள்க. புகழ்ச்சி சற்று மிகையென்று தோன்றினால் பொறுத்தருள்க. அப்பெருந்தகை அடியேன்தான், புகழ்வதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

தென்பாதி உலகின் நவம்பர்க் கோடைவெயில் தார்ச்சாலையை உருக்கிய ஒரு திங்கட்கிழமை அந்த அநீதி தொடங்கிற்று. தோட்டவேலை முடித்த வீரன் முன்வாசல் படியில் கழற்றிவிட்ட ரப்பர் செருப்புகளுள் இடக்கால் செருப்பு மட்டும் மாயமானது. புதிய இணை வாங்கினான். அதன் இடதும் போயிற்று. இவ்வாறு மூன்று வாரத்தில் ஐந்து இடக்கால் செருப்புகள் களவுபோக, ஐந்து வலக்கால் செருப்புகள் துணையிழந்த அன்றில்களைப் போல வராந்தாவில் வரிசையாகக் கிடந்து வாடின. அரியணையில் வைத்து நாடாளவும் ஒற்றைச் செருப்பு உதவாதே என்று வீரன் வெம்பினான்.

ஐயம் முதலில் அடுத்த வீட்டு ரெனாட்டோவின்மேல் பாய்ந்தது. சர்க்கரை ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்தவன். இருபது ஆண்டுத் தோழன். தக்காளி வளர்ப்பில் சூரன். வேலிக்கு மேலே தலையை நீட்டிய வீரனின் பார்வை, தோழனின் முகத்தை விட்டு அவன் பாதங்களில் போய் நின்றது.

"என்ன மச்சான், என் காலையே பாக்குற?"

"சும்மாத்தான். நீ என்ன சைஸ் போடுற?"

"பத்து. ஏன், கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தரப்போறியா?"

பத்து! வீரனின் அளவும் பத்தே! அன்று மாலை உணவு மேசையில், பல் மருத்துவமனையின் வரவேற்பில் எட்டு மணிநேரம் அமர்ந்துவிட்டுத் திரும்பிய தன் மனைவி நொலீன் முன்னிலையில், முள்கரண்டியைச் செங்கோலென உயர்த்தி அவன் சூளுரைத்தான்: "கேட்பாயாக! இமையாத விழியொன்றை இவ்வாயிலில் நிறுவி, அக்கள்வனை உலகறியச் செய்யாவிடில், இனி இக்கால்கள் செருப்பணியா!"

"ஏதாச்சும் நாய் தூக்கிட்டுப் போயிருக்கும், மெர்வ்."

"நாய்க்கு எது இடது எது வலதுன்னு தெரியுமா?"

"கெழங்கு ஆறுது. சாப்பிடு."

மறுநாள் முதல் மூன்று நாள்கள், ஊரின் பெரிய இரும்புச் சாமான் கடையில், கேமராக்கள் அடுக்கிய தட்டுகளின் முன்னே வீரன் தவமிருந்தான். எட்டுக் கண்களும் ஒரு பதிவுப் பெட்டியும் கொண்ட பெருஞ்சேனை ஒன்று அங்கே இருந்தது. ஆனால் அதற்கு வீட்டின் கூரைக்குள் கம்பி இழுத்தாக வேண்டும். கூரைக்குள்ளோ மலைப்பாம்பு ஒன்று குடியிருந்தது. நெடுநாள் பழக்கந்தான், எனினும் இருட்டில் தழுவிக்கொள்ளும் அளவுக்கு அல்ல. கண்டதையெல்லாம் இணையத்தில் ஏற்றி, அதற்கென மாதந்தோறும் திறை கேட்கும் கேமராக்கள் இருந்தன. யாருக்கும் திறை செலுத்தேன் என அவற்றையும் விலக்கினான். இரண்டு மெகாபிக்சலா, நாலா, எட்டா என்று பெட்டிகளின் முதுகெழுத்தை ஓலைச்சுவடி போலப் படித்துக்கொண்டிருந்தவனைக் கண்டு, விற்பனைப் பெண்மணி நெருங்கி வந்தாள்.

"எதைக் காவல் காக்கணும்? காரா, படகா?"

வீரன் குரல் தாழ்த்தினான். "செருப்பு."

"செருப்பா?"

"இடது மட்டும்."

அவள் கீழ்த்தட்டைக் காட்டினாள். பேட்டரியில் இயங்கி, மெமரி கார்டில் பதிந்து, அசைவு கண்டால் கைபேசியில் மணியடித்து, வேண்டினால் பேசவும் கேட்கவும் வல்ல அந்த ஒற்றைக்கண் காவலனை வீரன் மார்போடு அணைத்து வீடு சேர்த்தான்.

பின்பு மூண்டது ஏணிப் போர். கார் நிறுத்தும் கொட்டகையின் தூணுச்சியில், வராந்தாவும் கார்ப்பாதையும் ஒருங்கே தெரியும் கோணத்தில், துளைக்கருவி ஏந்தி ஏறினான் வீரன். கீழே ரெனாட்டோ ஏணி பிடித்தான். சந்தேகத்துக்கு உரியவனே ஏணியையும் பிடிக்கும் அவலம் எந்தப் போரில் உண்டு? முதல் திருகைப் பொருத்திய கணத்தில், தூணின் பின்னிருந்து உள்ளங்கையளவுச் சிலந்தி ஒன்று, எட்டுத் தேர்க்கால்கள் ஒருங்கே உருண்டாற்போல வெளிப்பட்டு வீரனின் மணிக்கட்டில் ஏறியது. இடியொத்த முழக்கம் ஒன்று எழுந்தது. முழங்கியது சிலந்தி அன்று. அடுத்த கணம், வேரோடு சாய்ந்த பனைபோல வீரன் செம்பருத்திப் புதரில் வீழ்ந்து பூக்களால் அருச்சிக்கப்பட்டான்.

"சிலந்திக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று ரெனாட்டோ மட்டும் கேட்டான்.

எட்டாம் முயற்சியில் காவலன் அரியணை ஏறினான். அன்று மாலை நொலீனை அமர்த்தி, பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால்தான் எதிராளி பேசுவது கேட்கும் என்னும் ஒற்றை நுட்பத்தை, ஒரு மணிநேரம் வீரன் விரித்துரைத்தான்.

முதல் நாளில் கைபேசி அறுபத்து மூன்று முறை முரசறைந்தது. பத்தொன்பது முறை பனையோலை. மூன்று முறை பல்லி. ஒரு முறை நொலீனின் கார், அதை அவன் திறந்தும் பார்க்கவில்லை. எஞ்சிய நாற்பது முறையும் வீரனே. மேலிருந்து தன்னை ஒருபோதும் கண்டிராத அவன் திகைத்தான். அந்த வழுக்கை யாருடையது? தபால்காரப் பெண் வண்டியைக் கால்களால் அங்குலம் அங்குலமாகப் பின்னுக்குத் தள்ள, அவளைத் தொடர்ந்து பேசிக்கொண்டே செல்லும் அந்த மனிதன் யார்? பாத்தி குளமாகியும் விடைபெற வழியின்றிக் குழாயைப் பிடித்து நிற்கும் ரெனாட்டோவிடம், கைகளை வீசி உரையாற்றுபவன் யார்? படம் பிடித்த கோணம் சரியில்லை என்று முடிவுகட்டினான் வீரன்.

மூன்றாம் நாள் முற்பகல் கள்வன் அகப்பட்டான். ரெனாட்டோவின் செந்நிறப் பெட்டைநாய் பிப்பா, வேலியிடுக்கில் நுழைந்து, படியோரம் முதலில் வாய்க்கு எட்டியதைக் கவ்விச் சென்றாள். வீரன் எந்நாளும் இடக்கால் செருப்பைத்தான் படியோரம் கழற்றுவான், மர்மம் அவ்வளவே. தக்காளிப் பாத்தியைத் தோண்டியபோது ஐந்தும், அன்று புதிதாகப் போன ஆறாவதும், மண்ணிலிருந்து புதையலென எழுந்தன.

"என்னத்தானே சந்தேகப்பட்ட?" என்றான் ரெனாட்டோ.

"ச்சே, ச்சே."

"பொய் சொல்லாத மச்சான். ஒரு வாரமா என் காலுக்குத்தான் குட்மார்னிங் சொல்ற."

போர் முடிந்தது, ஆயினும் ஆயுதத்தைக் கீழே வைக்க வீரனுக்கு மனமில்லை. அன்று மாலை நாலு பன்னிரண்டுக்கு, பின்கட்டுச் சமையலறையில் வெற்றித் தேநீர் பருகிக்கொண்டிருந்தவனின் கைபேசி மீண்டும் ஒலித்தது. திரையில் நொலீனின் வெள்ளைக் கார் கொட்டகைக்குள் புகுந்து நின்றது. கதவு திறக்கவில்லை. ஐந்து நிமிடம் சென்றது, திறக்கவில்லை. சாய்ந்து கண்மூடிக் கிடந்தாள். பிறகு காகிதப் பையிலிருந்து, இறைச்சி பொதிந்து சுட்ட ஒரு சாசேஜ் ரோலை எடுத்து, மெதுவாக, எங்கோ பார்த்தபடி தின்றாள். வீரன் நேற்றைய பதிவைத் தேடினான்: நாலு பன்னிரண்டுக்கு வந்தாள், நாலு முப்பத்தைந்துக்கு இறங்கினாள். அதற்கு முந்தின நாளும் அவ்வாறே. கடைசி நோயாளியால் தாமதம் என்றல்லவா அவள் சொல்லிவந்தாள்!

சிலந்திக்கு அலறிய நெஞ்சு இப்போது அலறவும் மறந்து குளிர்ந்தது. நோயோ? மருத்துவர் சொன்ன செய்தி ஏதும் உண்டோ? கட்டைவிரல் பட்டனை அழுத்த, தூணுச்சியிலிருந்து ஓர் அசரீரி முழங்கிற்று:

"நொலீன்! என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? இல்ல காரா? அந்த பெல்ட்டு கீச்சுங்குதுன்னு போன வாரமே நான் சொன்னேனே, அது வந்து..."

சாசேஜ் ரோல் எகிறி விழுந்தது. அவள் கண்ணாடியை இறக்கி மேலே நோக்கினாள். உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. அசரீரியோ பெல்ட்டின் வரலாற்றில் மும்முரமாக இருந்தது. அவள் கட்டைவிரலை உயர்த்தி, எதையோ விடுவதுபோல் காற்றில் எடுத்துக் காட்டினாள். ஒருமுறை. இருமுறை. மூன்றாம் முறை வீரனுக்கு விளங்கிற்று. விரலை எடுத்தான்.

"அப்பாடா," என்றாள் நொலீன். "நான் நல்லாத்தான் இருக்கேன் மெர்வ். எந்த வியாதியும் இல்ல. காலைலேருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. பல்வலின்னு வர்ற ஒவ்வொருத்தரும் பொறந்ததுலேருந்து கதை சொல்றாங்க. வீட்டுக்கு வந்தா, கதவைத் தொறக்கறதுக்குள்ள நீ ஆரம்பிச்சுடுற. செருப்பு, சிலந்தி, பேட்டரி... உன்மேல எனக்குக் கோவம் இல்ல. இருபது நிமிஷம் யாரும் பேசாம இருந்தாப் போதும். நீ ரிட்டயர் ஆனதுலேருந்து இப்படித்தான் உக்காந்திருக்கேன்."

எட்டு மாதம்!

அப்போது மூண்டது பெரும்போர், முன்னதெல்லாம் சிறுபூசல். ஒருபுறம், வீரனின் தொண்டைக்குள் அணிவகுத்த மறுமொழிகள் முப்பது: நாள் முழுதும் தான் தனியே கிடந்தது, அவள் வரும்வரை சுவரோடு பேசியது, அவளுக்கென்றே காலையிலிருந்து செய்திகளைச் சேர்த்து வைத்தது. மறுபுறம், பட்டனின் மேல் மயிரிழை உயரத்தில் நின்ற ஒற்றைக் கட்டைவிரல். படைகள் மோதின. வியர்வை ஆறாய் ஓடிற்று. தேநீர் ஆடை படிந்து ஆறியது. உலகம் காணாத அந்தப் போரில், தன் வாழ்நாளில் முதன்முறையாக, வீரனின் விரல் இறங்கவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள் அவள், மேலே பார்த்து.

அவன் தலையாட்டினான். சமையலறையில் நின்று தலையாட்டினால் அவளுக்கு எங்ஙனம் தெரியும்? எனவே, வெறுங்காலோடு முன்வாசலுக்குப் போய், அங்கே நின்று, நன்றாகத் தெரியும்படி இன்னொரு முறை தலையாட்டிவிட்டு, ஒரு சொல்லும் உதிர்க்காமல் உள்ளே திரும்பினான். கொட்டகையில் அவள் சிரிப்பது கேட்டது. கண்ணாடி மீண்டும் ஏறிற்று. அன்று அவள் முப்பத்தோரு நிமிடம் அமர்ந்திருந்தாள். ஈரேழு உலகமும் வென்ற வேந்தர்க்கும் கைகூடாத அம்மாபெரும் மௌனத்தை, வாயில் துணி திணித்துக்கொள்ளாத குறையாக, அவ்வீரன் இறுதிவரை காத்தான்.

இப்போதெல்லாம் நான் திங்கள், புதன், வெள்ளியில், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌலிங் கிளப்புக்குப் போய்விட்டு ஐந்து மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருகிறேன்.