ஐந்து மணிக்குள் ஆட்சேபணை

மனைவி கப்பல் ஏறிய அன்று சாயங்காலம் நான் ஒரு சபதம் எடுத்தேன். அவள் எழுதும் கடிதத்தைத் தவிர வேறெந்தக் கடிதமும் என் மெயில் பெட்டிக்குள் கால் வைக்கக் கூடாது.

சபதம் எடுப்பதில் நான் சூரன். உடற்பயிற்சி, அதிகாலை நடை, அளவான பேச்சு என்று எத்தனையோ எடுத்திருக்கிறேன். எடுத்ததில் முழுசாக நிறைவேறியது இது ஒன்றுதான். வினையே அதனால்தான் வந்தது.

என் மனைவி கடலாழம் அளக்கிறவள். கப்பலில் போய், எந்த இடத்தில் எத்தனை ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து வரைபடம் போடுகிற வேலை. இந்தத் தடவை நான்கு மாதம். வீட்டிலும் அவளுக்கு அதே தொழில்தான். என் ஆழம் எவ்வளவு என்று கல்யாணமான மூன்றாம் நாளே அளந்து முடித்துவிட்டாள்.

நான் ஒரு மருந்துக் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். பொத்தானும் படமும் காட்டும் மென்பொருள் எனக்குப் பிடிக்காது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான். வைரஸ் ஸ்கேனரைக்கூட அப்படித்தான் ஓட்டுவேன். தினமும் நாலு மணிக்கு நான் வேலை முடிந்து வந்து உட்காரும்போது, அது தானாக எழுந்து என்னிடமுள்ள ஒவ்வொரு கடிதத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு ஓர் அறிக்கை தரும். அதை வரி விடாமல் படிப்பேன். "என் பேச்சை என்னைக்காவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்பாள் மனைவி. அவள் அதைச் சொன்னபோதும் நான் அறிக்கையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

என் பெட்டிக்கு ஒரு நாளைக்கு இருநூறு கடிதம் வரும். எல்லாம் மடற்குழுக்கள். குழுவுக்கு ஒருவர் எழுதினால் உறுப்பினர் அத்தனை பேருக்கும் போகும். ஸ்கேனர் குழு, பழைய பிரின்டர் குழு, எந்த மயக்கத்தில் சேர்ந்தேன் என்றே தெரியாத கழுதை வளர்ப்போர் குழு. குழுக் கடிதம் எதுவானாலும் அதன் தலையில், நம் கண்ணுக்குத் தெரியாமல், குழுவின் முத்திரை ஒன்று இருக்கும். அந்த முத்திரையைக் கண்டால் கடிதத்தைத் தூக்கி 'அப்புறம்' என்ற பெட்டியில் போடு என்று ஒரு வடிகட்டி எழுதினேன். 'அப்புறம்' பெட்டியை நான் திறப்பதே இல்லை. மறுநாள் என் முதல் பெட்டி கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. அதில் அவள் கடிதம் மட்டும் வந்து உட்காரும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதுதான் திட்டம்.

முதல் நாள் எனக்கென்று தனியாக ஒன்று வந்தது. செடிக்குத் தண்ணீர் விடவும். ஜன்னல் திரையைத் துவைக்கவும். நீலச் சட்டையில் பொத்தான் இல்லை, போட வேண்டாம். இப்படிப் பதினோரு குறிப்பு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். இரண்டு வாரம் பொறுத்தேன். அவள் இங்கே இருந்தபோது, குளியலறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே துணி அலசுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது நானே அந்தக் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். குழாய் மட்டும் சொட்டியது. அவளை நினைத்து நான் இப்படி ஏங்குவேன் என்று யாராவது போன வருடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கப்பலிலிருந்து பத்து நிமிடம் பேசலாம்.

"லெட்டர் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எப்படி இருந்துது?"

"தெளிவா இருந்துது. பாயின்ட் பாயின்ட்டா."

"பாயின்ட்டாவா?"

"திரையைத் துவைச்சுட்டேன். நீலச் சட்டையத் தொடவே இல்ல."



"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"செடி நல்லா இருக்கு."

"நீங்க?"

"எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்."

ராஜா அப்போது மூன்று நாளாகத் துவைக்காத பனியனில் இருந்தார்.

இந்த நிலைமையில் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் என்னை மாடிப்படியில் மடக்கினார்.

"என்ன சார், மேடம் திமிங்கலம் பார்த்தாங்களாமே?"

"எந்த மேடம்?"

"உங்க மேடம்தான் சார். லெட்டர்ல எவ்வளவு அழகா எழுதியிருந்தாங்க. என் வீட்டுக்காரி ரெண்டு தடவை படிச்சா."

பல் டாக்டருக்குத் திமிங்கலம். கட்டிய புருஷனுக்குப் பொத்தான். வயிறு எரிந்தது.

"ஆமாமா. எனக்கும் எழுதியிருந்தா," என்றேன்.

"கடைசி வரி உங்களைப் பத்தி சார். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"எனக்கும்."

"அந்த வரிக்கு நீங்க என்ன பதில் எழுதினீங்க?"

"அது புருஷன் பொண்டாட்டி விஷயம் டாக்டர்," என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். அந்த வரி என்னவென்று கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

வடிகட்டியைச் சந்தேகப்பட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் கைப்பட எழுதிய வடிகட்டி. அதைச் சந்தேகப்படுவதைவிட மனைவியைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது.

ஒன்பதாவது வாரம் வியாழக்கிழமை. நாலு மணி அறிக்கை வந்தது. பார்த்த கடிதங்கள் பதினோராயிரத்துச் சொச்சம். தொற்று: ஒன்று.

ஒன்பது வருடமாக அந்த இடத்தில் சைபரைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது. திருடன் 'அப்புறம்' பெட்டிக்குள் ஒளிந்திருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திறந்தேன்.

அனுப்பியவர்: என் மனைவி.

அதற்கு மேலே, அதே பெயரில் இன்னும் அறுபது கடிதம். கப்பல் ஆபீஸ் ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு மடற்குழு வைத்துக் கொடுத்திருக்கிறது. கடலிலிருந்து ஒரு கடிதம் போட்டால் போதும், வீடு, சொந்தம், சிநேகிதம், அக்கம்பக்கம் எல்லோருக்கும் போய்ச் சேரும். தினமும் எழுதியிருக்கிறாள். என் வடிகட்டி ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை.

திமிங்கலக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். கடைசி வரி இது: "அவர் பக்கத்தில் இருந்திருந்தால் இந்தத் திமிங்கலத்துக்கு வைரஸ் உண்டா என்று கேட்டிருப்பார். அப்படிக் கேட்க ஆளில்லாததால் எனக்குத் திமிங்கலம் பாதிதான் தெரிந்தது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொற்றுள்ள கடிதத்துக்கு வந்தேன். அன்று மத்தியானம் வந்தது.

"அன்புள்ள எல்லோருக்கும். என்னை இன்னும் மூன்று மாதம் கப்பலில் இருக்கச் சொல்கிறார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் இந்தக் குழுவுக்கே எழுதவும். எழுதாதவர்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்."

கீழே பதில்கள். மாமனார்: ஆட்சேபணை இல்லை. மாமியார்: ஆட்சேபணை இல்லை, ஸ்வெட்டர் இருக்கிறதா? பல் டாக்டர்: ஆட்சேபணை இல்லை, வாழ்த்துகள். இவருக்கு என்ன வாழ்த்து வேண்டிக் கிடக்கிறது என்று தெரியவில்லை.

மணி நாலு நாற்பது. வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் எழுதினேன்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. பலமான ஆட்சேபணை. வந்துவிடு. நான் ராஜா மாதிரி இல்லை. நீ இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், யாரும் பாடவில்லை. உன் கடிதங்களை இன்றுதான் பார்த்தேன், தப்பு முழுக்க என்னுடையது. நீ பேசும்போது இனி அறிக்கை படிக்க மாட்டேன். மூன்று மாதம் என்னால் முடியாது. மூன்று நாளே முடியாது. வந்துவிடு."

நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன். எத்தனை பேருக்குப் போகிறது என்று பார்க்க நேரமில்லை. பார்த்திருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

ஐந்து பத்துக்கு போன் அடித்தது. வியாழக்கிழமை, கப்பலிலிருந்து.

"உன் மெயில்ல வைரஸ் இருக்கு," என்றேன். நெஞ்சு நிறைய அவ்வளவு வைத்துக்கொண்டு என் வாயில் வந்தது அதுதான்.

"அது வைரஸ் இல்லைங்க. ஸ்கேனர் முழிச்சிருக்கான்னு பார்க்கறதுக்கு ஒரு வெத்து ஃபைல் வச்சிருப்பாங்களாமே. ஒண்ணும் பண்ணாது, ஆனா எந்த ஸ்கேனர் பார்த்தாலும் கத்துமாம். இங்க கம்ப்யூட்டர் பார்க்கறவர்கிட்ட கேட்டு வாங்கி ஒட்டினேன்."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். அறிக்கையிலேயே 'சோதனைக் கோப்பு' என்று போட்டிருந்தது. ஒன்பது வருடத்தில் அந்த ஒரு வரியைத்தான் படிக்காமல் விட்டிருந்தேன்.

"எதுக்கு இதெல்லாம்?"

"திமிங்கலத்தைப் பத்தி எழுதினேன், நீங்க பார்க்கல. உங்களைப் பத்தி எழுதினேன், பார்க்கல. வைரஸ்னா நாலு மணிக்குப் பார்ப்பீங்கன்னு தெரியும்."

"அந்த மூணு மாசம்?"

"கேட்டது நிஜம். அன்னைக்கே முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"அப்ப உங்கப்பா ஆட்சேபணை இல்லைன்னு..."

"நான்தான் எல்லாரையும் அப்படி எழுதச் சொன்னேன். சொன்ன தேதிக்கு வந்துடுவேங்க. வான்னு நீங்க ஒரு தடவை சொல்லிக் கேக்கணும்னு இருந்துது. ரெண்டு மாசமா அதுக்குத்தான் ஏங்கிக்கிட்டிருந்தேன்."

சமாளித்துக்கொண்டு கேட்டேன்.

"தனியாக் கேட்டிருந்தா தனியா எழுதியிருப்பேனே. இப்பதான் எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூணு பேர் படிச்சுட்டாங்க."

"தனியா எழுதியிருந்தா, நான் வந்த மறுநாளே 'நான் எப்ப அப்படி எழுதினேன்'னு கேப்பீங்க. இப்ப இருபத்து மூணு சாட்சி இருக்கு. அப்பா அதுக்குள்ள ரெண்டு காப்பி பிரின்ட் எடுத்துட்டாராம்."