அச்சசல் அண்ணனும் பச்சை லாரியும்

நான் பத்தாவது வரை படித்தவள். ரவிக்கை தைப்பது என் தொழில். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் யாராவது அவரைப் பற்றி எழுதுவார்கள் என்று இத்தனை வருஷம் பார்த்தேன். யாரும் எழுதக் காணோம்.

புதுச்சேரியில் ஓடிய லாரிகளை அச்சசல் அண்ணன் அளவுக்கு அறிந்த ஆள் அந்தக் காலத்தில் கிடையாது. லாரி செய்த கம்பெனிக்கே தெரியாத சங்கதியெல்லாம் அவருக்குத் தெரியும். எந்த லாரிக்கு எந்தக் கதவு சாத்தாது, எதன் கண்ணாடியில் விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எல்லாம் மனப்பாடம். அவருக்கு லாரி ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம். சைக்கிளையே தள்ளிக்கொண்டுதான் போவார்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. மில்லில் தறி வேலை. ஷிப்டு முடிந்து வந்து, முகம் கழுவி, பிஸ்கட் டின்னை வெட்ட உட்கார்ந்துவிடுவார். தெருவில் ஓடும் நிஜ லாரிகளைப் பார்த்து, இருபதில் ஒரு பங்கு என்ற கணக்கில், முழங்கை நீளத்துக்கு அதே லாரியைச் செய்வார். "அச்சு அசலா இருக்கணும்" என்பது அவர் வாயில் ஓயாத வார்த்தை. அதுவே பெயராகிவிட்டது. தபால்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

டயருக்கு ரப்பர் செருப்பு. முன் கண்ணாடிக்குக் கழுவிய எக்ஸ்ரே பிலிம். ஸ்டியரிங்குக்குக் குழந்தை வளையல். லாரி முன்னால் கட்டுகிற எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக ஒரு சுண்டைக்காய். அதையும் வெள்ளிக்கிழமை தவறாமல் மாற்றிக் கட்டுவார். சக்கரத்தில் ஒட்டுகிற சேற்றை அசல் லாரியின் சக்கரத்திலிருந்தே சுரண்டிக்கொண்டு வருவார்.

அவர் சம்சாரம் கனகா அக்கா வாசலில் நின்று சொல்வார்: "லாரிக்குப் பின்னாடி கொக்கி எத்தினின்னு கேளு, தூக்கத்துல சொல்லும் இந்த மனுசன். நான் மூக்குத்தி மாத்தி ஒரு மாசமாவுது. கேளேன், தெரியுமான்னு!"

அண்ணன் டின்னிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "எப்ப மாத்தின?"

புது லாரியை அவர் தொடவே மாட்டார். "அது இன்னும் லாரியே ஆவல. நாலு லோடு அடிக்கட்டும், ரெண்டு கீறல் விழட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார். உழைக்கிற லாரிதான் அவருக்கு லாரி.

அளவு எடுக்க அவர் கண்டுபிடித்த இடம் ரயில்வே கேட். கேட் மூடினால் லாரி நின்றுதானே ஆகவேண்டும்? டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு, இஞ்ச் டேப்பும் கையுமாக ஓடுவார். குனிந்து சக்கரத்தை அளப்பார், எம்பி விளக்கை அளப்பார்.

ஒருமுறை ஒரு வெளியூர் டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்: "யோவ், நான் இன்னும் உயிரோடதான்யா இருக்கேன்! எதுக்குய்யா பொட்டிக்கு அளவு எடுக்கற?"

"அண்ணே, கொஞ்சம் பிரேக்கப் புடிச்சுக்குங்க. ஆடுது, அளவு தப்புது."

சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் வந்து, "யாருய்யா நீ? ஆர்.டி.ஓ. ஆபீசா?" என்றார்.

"இல்லீங்க, மில்லு."

"மில்லுக்கும் லாரிக்கும் இன்னா சம்பந்தம்?"

அண்ணன் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் கேட் திறந்து, பின்னால் நின்ற வண்டியெல்லாம் ஹாரன் அடித்து, கடைசியில் அந்தப் போலீஸ்காரரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள், தயங்கித் தயங்கி என் தையல் மிஷின் அருகில் வந்தார். "தங்கச்சி, தார்பாய் ஒண்ணு தச்சிக் குடுப்பியா?" என்றார். பழைய குடைத்துணி கொண்டுவந்திருந்தார். நான் ஆசை ஆசையாக, ஓரம் மடித்து, கயிறு கோக்கக் காது வைத்து, ஒரு சுருக்கமில்லாமல் தைத்துக் கொடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நல்லா இல்லியாண்ணா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா. அதான் தப்பு. அசல்ல ரெண்டு ஒட்டு இருக்கு. ஒரு ஓரம் எலி கடிச்சிருக்கு."

நல்ல துணியில் ஓட்டை போட்டு, அதற்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். பிறகு அரிசி மூட்டை தைக்கச் சொன்னார். சுண்டுவிரல் கணு அளவில் நாற்பது மூட்டை. தைத்து அரிசியை அள்ளினேன். பதறிப்போனார்.

"ஐயோ, அரிசி போட்டா கணக்கு ஒதைக்கும்மா! கேவுரு போடு, கேவுரு!" இருபதில் ஒரு பங்கு அரிசிக்குக் கேழ்வரகுதான் சரி என்பது அவர் கணக்கு.

இப்படித்தான் நான் அவர் லாரிகளுக்கு ஆஸ்தான தையல்காரி ஆனேன். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, முசியே வரும்வரை.

முசியே எங்கள் பக்கத்து லாரி முதலாளி. ஐந்து லாரி வைத்திருந்தார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் ஊர் முழுக்க அவரை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் சொல்லும். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ, கையில் குடை. அந்த ஷூவினால்தான் தன் லாரி ஷெட்டுக்கே அவர் போவதில்லை. ஷெட்டில் மழை வந்தால் சேறு, வராவிட்டால் ஆயில்.

அவருடைய ஐந்து லாரிகளையும் அச்சசல் அண்ணன் செய்து அலமாரியில் வரிசையாக நிறுத்தியிருந்தார். செய்ததோடு விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் ஐந்தையும் சுற்றிப் பார்ப்பார். அந்த வாரத்தில் அசலில் ஒரு ஒடுக்கு விழுந்திருந்தால், வீட்டுக்கு வந்து மாடலிலும் அதே இடத்தில் ஒரு தட்டு. விளக்கு உடைந்திருந்தால் இங்கேயும் உடைப்பார்.

இது எப்படியோ முசியே காதுக்குப் போனது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நேராக அண்ணன் வீட்டுக்கு வருவார். நாற்காலியில் உட்கார்ந்து, கனகா அக்கா தரும் காபியைக் குடித்தபடி, குடை நுனியால் ஒவ்வொரு மாடலாகக் காட்டுவார். "போன்" என்பார், பிரெஞ்சில் நல்லது என்று. "அலோர், அப்பறம், இது என்ன புது ஒடுக்கு? யார் வண்டி?"

ஷூவில் பொட்டு அழுக்கில்லாமல் ஐந்து லாரியையும் சோதனை போட்டாகிவிட்டது!

டிரைவர்கள் கொதித்துப்போனார்கள். அண்ணனுக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, பின்பக்க விளக்கைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று கெஞ்சினார். அண்ணன் பழத்தை வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், விளக்கையும் உடைத்தார்.

அந்த ஐந்தில் பச்சை லாரியை ஓட்டியவர் என் வீட்டுக்காரர்.

சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் இரண்டு ஒடுக்கு. இரண்டாவதற்கு முசியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொண்ணு விழுந்துச்சுன்னா சாவிய வச்சிட்டு நீயே போயிடு. நான் சொல்ற மாதிரி வச்சிக்காத." வேறு வேலை கைவசம் இல்லை. நான் அப்போது முழுகாமல் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்தார். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனி கேட்டில் திரும்பும்போது, இடது முன்சக்கரத்துக்கு மேல் இருக்கும் மட்கார்டு தூணில் இடித்துவிட்டது. ஒரு சொம்பை வைக்கிற அளவுக்குப் பள்ளம்.

"அச்சசல் இன்னும் ஷெட்டுக்குப் போவல. நீ போய்ச் சொல்லு. உன் பேச்சக் கேப்பாரு. இந்த ஒரு வாரம் மாடல்ல கை வைக்க வேணாம்னு சொல்லு. அடுத்த வாரத்துக்குள்ள டிங்கர்கிட்ட வுட்டுச் சரி பண்ணிடறேன்."

தெருவைத் தாண்டினேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. சொன்னேன். அண்ணன் மிஷினில்லாத தையல்காரன் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நீ கேட்டு முடியாதுன்றது எனக்குக் கஷ்டமா இருக்கும்மா" என்றார்.

"ஒரு வாரந்தாண்ணா."

பச்சை மாடலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அங்க ஒடுக்கு இருக்கு, இங்க இல்லன்னா, இது எந்த லாரி? இப்பிடி ஒரு லாரி ஊர்லயே இல்லியே. முடியாதும்மா. கை வராது."

கனகா அக்கா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். "வாயும் வயிறுமா ஒரு பொண்ணு வந்து கேக்குது, தகரத்தக் கட்டிக்கினு அழுவறியே! நீயெல்லாம் மனுசனா?"

நான் திரும்பி வந்து, வீட்டுக்காரரிடம் உதட்டைப் பிதுக்கினேன்.

ஞாயிறு விடியும்போது கதவு தட்டப்பட்டது. அச்சசல் அண்ணன். அக்குளில் துண்டில் சுற்றிய பச்சை மாடல், கையில் ஒரு பை.

"தம்பி, கெளம்பு. இத ஒடுக்கவும் மனசு வரல, பொய்யா வைக்கவும் முடியாது. அத மாத்தலாம்."

"எத?"

"லாரிய."

நானும் பின்னாலேயே ஓடினேன். ஷெட்டில் அண்ணன் மாடலைத் துண்டின்மேல் வைத்தார். பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். அது பிஸ்கட் டின் தட்டுகிற சுத்தியல். லாரி முன்னால் பல் குத்துகிற குச்சி மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் ஷெட்டிலிருந்த பெரிய சுத்தியலைத் தூக்கினார். அண்ணன் மட்கார்டுக்கு அடியில் புகுந்து ஒரு மரக்கட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மாடலை டேப்பால் அளப்பதும், அதை இருபதால் பெருக்குவதும், லாரியை அளப்பதுமாக இருந்தார்.

"இன்னும் அரை இஞ்ச் வெளிய வரணும்."

"போதும்ண்ணா, தெரியாது!"

"எனக்குத் தெரியுது. அடி."

மாதா கோயிலில் பூசை மணி அடித்தபோது மட்கார்டு பழையபடி வளைந்து நின்றது. பிறகு பெயிண்ட். வெயிலில் வெளுத்துப்போன அந்தப் பச்சைக்காக அவர் ஒரு மாதம் பெயிண்ட் கலந்து பார்த்தவர். கடைசியில் சரியாக வந்ததை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்திரமாக வைத்திருந்தார். அவ்வளவையும் லாரியில் தீர்த்தார். பூசிய இடமும் பூசாத இடமும் ஒன்றாகிவிட்டன. என் வீட்டுக்காரர் கும்பிடப் போனார்.

"இரு, முடியல" என்று அண்ணன் ஆணியை எடுத்து, அந்த ஈரப் பெயிண்டில் 'சர்ர்ர்' என்று ஒரு முழ நீளத்துக்குக் கீறினார்.

"ஐயோ! என்னாண்ணா பண்றீங்க!" என் வீட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

"போன தீவாளிக்கு விழுந்த கீறல். மாடல்ல இருக்கு பாரு. பெயிண்டுல மறைஞ்சி போச்சு." கீறலுக்குள் கொஞ்சம் டீத்தூள் தண்ணீர் தடவித் துருவும் ஏற்றினார்.

பூசை முடிந்து வந்த முசியே, அலமாரியில் பச்சை லாரி இல்லாததைப் பார்த்தார். "ஷெட்டுக்கு எடுத்துக்கினு போயிருக்காரு" என்று கனகா அக்கா சொல்லிவிட்டார். வெள்ளை ஷூ முதல்முறையாக ஷெட்டுச் சேற்றில் இறங்கியது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு பிரெஞ்சு வார்த்தை. அர்த்தம் தெரியாவிட்டாலும் நல்ல வார்த்தை இல்லை என்று தெரிந்தது.

மாடலை வாங்கினார். லாரியைச் சுற்றி வந்தார். மட்கார்டில் கட்டை விரலை வைத்தார். விரல் பச்சையாக வந்தது.

"என்னய்யா இது?"

"பெயிண்டுங்க. இன்னும் காயல" என்றார் அண்ணன்.

"ஏன் காயல?"

"காத்தாலதான அடிச்சோம்."

"ஏன் அடிச்ச?"

ஏதாவது ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் சொல்லுங்கள் அண்ணா என்று நான் மனசுக்குள் மன்றாடினேன்.

"நேத்து தம்பி தூண்ல இடிச்சிட்டாரு. ஒடுக்கு. எடுத்துட்டோம்."

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

முசியே சாவியை வாங்கவில்லை. கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது தீவாளிக் கீறலாச்சே. பெயிண்டு மேல எப்பிடி வந்துச்சு?"

"நாந்தான் போட்டேன்" என்றார் அண்ணன். "அது இல்லன்னா உங்க லாரி இல்லீங்களே."

முசியே மாடலையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "லாரி வச்சிருக்கேன் இத்தினி வருசமா. ஒடுக்கிக் குடுத்தவன் எல்லாரையும் தெரியும். நிமித்திக் குடுத்தவன எவனையும் பாக்கல" என்று சொல்லி, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அலோர், சாவிய பையில வை. மொதல்ல ஒரு துணி குடு, ஷூவப் பாரு."

அவசரத்தில் என் வீட்டுக்காரர் கைக்கு எட்டிய துணி மாடலின் மேலிருந்த தார்பாய்தான். அண்ணன் மாடலைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கடைசியில் என் முந்தானையால் துடைத்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு எத்தனையோ பேர் உதவி செய்திருக்கிறார்கள். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிவிட்டு, விடியும்போதே சுத்தியலோடு வந்து கதவைத் தட்டியவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. பச்சை லாரி தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போனது. அண்ணன் காலை ஷிப்டுக்கு மில்லுக்குப் போனார்.